பதிவேடும் வீட்டு வாசலும்: வடசென்னையில் தரவு திரட்டப் போகிறவர்களுக்கு

என் முதல் வேலை, பழைய இறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது. 1998ஆம் ஆண்டு, தினக்கூலி, கொருக்குப்பேட்டை வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் அலுவலகம். வயதுக் கட்டம் காலியாக இருந்தால் அந்த மென்பொருள் அடுத்த கட்டத்துக்கு நகராது. பதிவேட்டிலோ பல வரிகளில் வயதே இல்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "60 போட்டுவிட்டு மேலே போம்மா" என்றார். போட்டேன். ஒன்றரை மாதம் போட்டேன். அந்த வட்டாரத்தில் மனிதர்கள் ஏன் சரியாக அறுபது வயதில் சாகிறார்கள் என்று யாராவது இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால், காரணம் காற்று மாசு இல்லை. நான்தான்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக சர்வே எடுத்துவிட்டேன். இப்போது சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்குக் களப்பயிற்சி தருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "தரவு எங்கே கிடைக்கும்?" கிடைக்காமல் என்ன? அரசுப் பதிவேடுகள் மலைபோல இருக்கின்றன. வீடு வீடாகப் போய் எடுத்த பெரிய சர்வேக்களும் இருக்கின்றன, பலவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கைக்கு வந்ததை எப்படிப் படிப்பது, பதிவேட்டை சர்வேயாலும் சர்வேயைப் பதிவேட்டாலும் எப்படி உரசிப் பார்ப்பது என்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"வடசென்னையில் பள்ளி இடைநிற்றல்" என்று ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தாள். அது தலைப்பு, கேள்வி இல்லை. உட்கார்ந்து இப்படிக் குறைத்தோம்: வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த ஜூனில் எந்தப் பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை? ஏன் எட்டு? நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. பிள்ளை வேறு கட்டடத்துக்கு, வேறு தலைமை ஆசிரியரிடம், சில இடங்களில் ரயில் பாதையைத் தாண்டிப் போகவேண்டும். அந்த இடைவெளியில்தான் ஆள் நழுவும்.

கேள்வி இந்த அளவுக்குச் சிறுத்ததும், விடை எந்த அட்டவணையில் வரும் என்பதை வெறும் கட்டங்களாகத் தாளில் வரைந்துவிடுங்கள். தலைப்புகள் மட்டும் போதும், எண்கள் வேண்டாம். எந்தக் கட்டத்தை எந்தப் பதிவேடு நிரப்பும், எதை நீங்களே போய்க் கேட்டால்தான் நிரப்ப முடியும் என்பது அப்போதே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் வண்டியைக் கிளப்பியவர்கள் முப்பது பக்கக் கேள்வித்தாளோடு தெருவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதிய கை எது?

எந்தப் பதிவேடும் உங்கள் ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டதில்லை. அரிசி போட, சான்றிதழ் கொடுக்க, பாடப்புத்தகம் பிரிக்க, தணிக்கையில் மாட்டாமலிருக்க எழுதப்பட்டது. அதனால் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் அரைப்பக்கம் குறிப்பு எழுதச் சொல்வேன்: இதை எழுதுகிறவர் யார், எந்தத் தேதியில் எழுதுகிறார், ஒரு பெயரைச் சேர்த்தால் அவருக்கு என்ன, விட்டால் என்ன, பெயரை நீக்குவது யார். கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். சேர்க்க ஆள் இருக்கும், நீக்க ஆள் இருக்காது.

ராயபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டல வாரியாகப் பிறப்பு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு மாணவன், "இங்கே குழந்தைப்பேறு விகிதம் எகிறுகிறது" என்று பத்து பக்கம் எழுதிவிட்டான். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் ஸ்டான்லி. பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வலியெடுத்து வருகிறவர்கள் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், எண்ணிக்கை மட்டும் ராயபுரத்தில் தங்கிவிடுகிறது. ஸ்டான்லியில் நேரும் இறப்புகளுக்கும் இதே கதைதான். பிறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் தாய் வசிக்கும் இடம் என்று ஒரு கேள்வி உண்டு. அதன்படி பிரித்துக் கேளுங்கள். அதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு வளைவு இருக்கிறது: வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் சொல்லும் முகவரி அம்மா வீட்டு முகவரியா, புகுந்த வீட்டு முகவரியா என்பது கேட்கிற செவிலியரின் அவசரத்தைப் பொறுத்தது. மாதிரிப் பதிவு முறை என்ற தேசிய ஏற்பாட்டில் பிறப்பை வழக்கமாக வசிக்கும் இடத்தின்படி கணக்கிடுகிறார்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

ரேஷன் அட்டை வகையை ஏழ்மையின் அளவுகோலாகப் பயன்படுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்குமானது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு அட்டைகளுக்கு முன்னுரிமை, முன்னுரிமையற்றது என்று பெயர் வந்தது. முன்னுரிமையற்ற அட்டைக்கும் அரிசி உண்டு. சர்க்கரை அட்டை வைத்திருப்பவரெல்லாம் வசதியானவரும் இல்லை.

சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, நடத்துநர் கிழித்துத் தரும் டிக்கெட் மட்டும் உண்டு. அந்த டிக்கெட் எண்ணிக்கை பயணங்களைச் சொல்லும், பெண்களை அல்ல. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையோடு மூன்று பஸ் மாறிப் போகிற அம்மா மூன்று டிக்கெட். மாதத்துக்கு ஒருமுறை ஸ்டான்லிக்குப் போகிற பாட்டி, போக ஒன்று வர ஒன்று. எண்ணப்படும் பொருள் ஆளா, பயணமா, அட்டையா, மீட்டரா, குடும்பமா என்பதை அட்டவணையின் தலையிலேயே எழுதுங்கள்.

மீட்டர் என்றதும் ஒன்று. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நான்கு சக்கர வாகனம் கூடாது என்றெல்லாம் வரம்பு வைத்தார்கள். ஒரு துறை வேறு காரணத்துக்கு வைத்திருந்த கணக்கு இன்னொரு துறைக்குத் தகுதிச் சல்லடையாகிறது. எங்கள் பக்கத்தில் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் தொங்கும் வீடுகள் உண்டு. மீட்டர் சொல்வது கட்டடத்தின் செலவை, குடும்பத்தின் செலவை அல்ல.

இப்போது நம் ஒன்பதாம் வகுப்புக் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், எமிஸ் என்ற மாநிலப் பள்ளிக்கல்வித் தகவல் தொகுப்பில் ஓர் எண் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை அந்தப் பள்ளி தன் கணக்கிலிருந்து விடுவித்தால், அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை பெயர் பொதுத் தொகுப்பில் கிடக்கும். ஆசிரியர்கள் "காமன் பூல்" என்பார்கள். அங்கே கிடக்கும் பெயர்களை எல்லாம் இடைநின்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆந்திராவில் மாமா வீட்டுக்குப் போன பிள்ளையும் அங்கேதான், இரண்டு முறை பதிவாகி ஒரு பெயர் அநாதையாக நிற்கும் பிள்ளையும் அங்கேதான், மெக்கானிக் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பிள்ளையும் அங்கேதான். மறுபக்கம், புதிய பள்ளியில் பெயரைச் சேர்த்துவிட்டு ஒரு நாளும் வராத பிள்ளை எமிஸ் கணக்கில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருப்பான். தேசிய அளவிலான யூடைஸ் என்ற பள்ளிக் கணக்கெடுப்பில் நீண்ட காலம் செப்டம்பர் 30 என்ற ஒரே நாள்தான் அளவு. ஆகஸ்டில் நின்றவன் அதில் இல்லை, நவம்பரில் நின்றவன் இருக்கிறான். 2022-23 முதல் பள்ளி வாரி எண்ணிக்கைக்குப் பதில் மாணவர் வாரியாக விவரம் வாங்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு "சேர்க்கை சரிந்தது" என்று எழுதுகிறவர்கள் அளவுகோல் மாறியதைப் பார்க்கவில்லை.

பிறந்த தேதியையும் சும்மா விடாதீர்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு எதையாவது திறந்து மாத வாரியாக எண்ணிப் பாருங்கள். மே, ஜூன் கூட்டமாக நிற்கும். பிள்ளைக்கு வயது காணாதபோது தலைமை ஆசிரியர் போட்டுக்கொடுத்த பிறந்தநாள் அது. என் அண்ணனுக்கும் அப்படித்தான். ஐப்பசி அடைமழையில் பிறந்தவனுக்குச் சான்றிதழில் ஜூன் 1.

எல்லை நகர்ந்த ஊர்

வடசென்னையைப் பற்றி எழுதுகிறவர் முதலில் மேசையில் விரிக்கவேண்டியது வரைபடம். 2011இல் மாநகராட்சி 155 வார்டிலிருந்து 200 வார்டாக விரிந்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் நகராட்சிகள் உள்ளே வந்தன, வார்டு எண்கள் அத்தனையும் மாறின. 2010ஆம் ஆண்டுக் கோப்பில் இருக்கும் 40ஆவது வார்டு வேறு, இன்றைய 40ஆவது வார்டு வேறு. மாநகராட்சி விரிந்தாலும் சென்னை மாவட்டம் விரிந்தது 2018இல்தான். ஆக, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்துக்குச் சொல்லப்படும் 46,46,732 பேரில் திருவொற்றியூர்க்காரர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் திருவள்ளூர் மாவட்டப் பக்கத்தில் இருக்கிறார்கள். பழைய கோப்புகளில் அந்த ஊர்ப் பள்ளிகளின் யூடைஸ் எண்ணும் திருவள்ளூருக்குரிய 3301 என்றே தொடங்கும், சென்னைக்கு 3302.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது, ஆனால் மாவட்ட எல்லைக்கு 2017 மார்ச் 31ஐ எடுத்துக்கொண்டது. அதிலும் எண்ணூர் சென்னைக்கு வெளியே. இதை அறியாமல் அந்த ஆய்வின் "சென்னை" எண்ணையும் இன்றைய சென்னை மாவட்ட சுகாதாரக் கணக்கையும் கழித்துப் பார்த்து வளர்ச்சி என்பவர்கள் உண்டு. ஒரு தாளில் மூன்று பத்தி (நெடுவரிசை) போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தெருப் பெயர், பழைய வார்டு, புதிய வார்டு. அலுப்பான வேலைதான். ஒரு வாரம் ஆகும். பிறகு ஐந்து வருடம் சோறு போடும்.

கேட்டு வாங்குவது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் மனுவிலேயே எண்களைக் கேட்காதீர்கள். வெற்றுப் படிவத்தின் நகல், அதை நிரப்புவது எப்படி என்ற சுற்றறிக்கை, எத்தனை ஆண்டுக்கு எந்த வடிவத்தில் பதிவேடு இருக்கிறது என்ற விவரம், இந்த மூன்றையும் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், பதிலுக்கு 30 நாள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. படிவம் கைக்கு வந்தபின் இரண்டாவது மனுவில் இன்ன பத்தி, இன்ன ஆண்டு என்று குறிப்பாகக் கேட்டால், "அப்படி ஒரு விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரிப் பதில் வராது. அலுவலகம் தன்னிடம் இருப்பதைத்தான் தரும், உங்களுக்காகப் புதிதாகக் கூட்டிப் பெருக்கித் தரவேண்டிய கடமை அதற்கில்லை. பெயரோடு கூடிய பட்டியலைக் கேட்காதீர்கள். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

மனுவை விடப் பலமானது, அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரோடு ஒரு மணி நேரம். "இந்தக் கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்வீர்கள் சார்?" என்று கேளுங்கள். என்னைப்போல ஒருத்தி அங்கேயும் இருந்திருப்பாள்.

வந்த கோப்பு தமிழில், வானவில் எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் பெயர்களைக் கண்ணால் பார்த்தே திருத்தவேண்டும். எக்செல்லில் திறப்பதற்கு முன் அடையாள எண் பத்திகளை எழுத்து வடிவம் என்று அறிவித்துவிடுங்கள். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் அது கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், ஒரு வார்த்தையும் சொல்லாது.

பெரிய சர்வேயில் நம் தெரு எவ்வளவு?

மேலே சொன்ன குடும்பநல ஆய்வு 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளைச் சந்தித்தது. மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடு. பழைய சென்னையின் 155 வார்டுக்குப் பங்கு போட்டால் வார்டுக்கு ஆறு வீடுகூடத் தேறாது. அந்தத் தரவிலிருந்து வியாசர்பாடியைப் பற்றி ஏதாவது சொல்கிறேன் என்று யாராவது வந்தால், மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இந்த சர்வேக்களின் பயன் வேறு: மாநில நகர்ப்புறம் முழுமைக்கும் நிலைமை என்ன என்பதைக் காட்டும் பின்திரை. உங்கள் தெருக் கணக்கு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கலாம்.

அவற்றில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை உண்டு. அந்த ஒரு வீடு எத்தனை வீடுகளின் சார்பாக நிற்கிறது என்பதுதான் எடை. எடை போடாமல் எடுக்கும் சராசரிக்கு அர்த்தமில்லை. குடும்பநல ஆய்வில் எடைப் பத்தியைப் பத்து லட்சத்தால் வகுக்கவேண்டும். வேலை நிலவரத்தை அளக்கும் தேசியத் தொழிலாளர் படை சர்வேயின் முந்தைய ஆண்டுக் கோப்புகளில் பெருக்கெண்ணை (எடைக்கு அங்கே அந்தப் பெயர்) சில வரிகளுக்கு 100ஆலும் சில வரிகளுக்கு 200ஆலும் வகுக்கச் சொல்லியிருப்பார்கள். கூடவரும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் கோப்பைத் தொடாதீர்கள். சரிபார்க்க எளிய வழி, அறிக்கையில் அச்சான ஓர் எண்ணை உங்கள் கணினியில் மறுபடி வரவழைப்பது. அது வரும்வரை அடுத்த அடி வைக்காதீர்கள்.

வேலை பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் ஒரு நிமிடம். தொழிலாளர் படை சர்வே இரண்டு விதமாகக் கேட்கிறது: கடந்த 365 நாளில் வழக்கமாக என்ன செய்தீர்கள், கடந்த 7 நாளில் என்ன செய்தீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மே மாதம் காசிமேட்டில் போய் ஏழு நாள் கேள்வியைக் கேட்டால், விசைப்படகுத் தொழிலாளியின் பதில் ஒன்று, 365 நாள் கேள்விக்குப் பதில் வேறு. ஆள் ஒருவர்தான். ஃபைபர் படகுக்காரரோ அதே மே மாதம் கடலில் இருப்பார். எந்த மாதம் கேட்டது என்ற பத்தி இல்லாத கடற்கரைத் தரவை நான் நம்புவதில்லை.

வாசலில் நிற்பது

பதிவேடு விட்ட கட்டங்களை நிரப்ப நீங்களே போகவேண்டும். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் எந்தத் தெருவுக்குள்ளும் நுழையாதீர்கள். உங்களுக்குப் பதில் கிடைக்காது, அவர்களுக்குக் குடம் கிடைக்காது. மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், ஹார்பருக்கும் கம்பெனிக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள் விட்டுப்போவார்கள், பாட்டிகளின் சர்வேயாக முடியும்.

2023க்குப் பிறகு, கையில் டேப்லெட்டோடு யார் வந்தாலும் அது உரிமைத் தொகைச் சரிபார்ப்பு என்றே தெருவில் பேச்சு. "காரெல்லாம் கிடையாதும்மா, கரண்ட்டும் கம்மிதான்" என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். திட்டத்தின் வரம்புகள் என்னவோ அவையே பதில்களின் வடிவமும் ஆகிவிடும். ஆகவே வருமானம், மின்சாரம், வாகனம் மூன்றையும் எங்கள் கேள்வித்தாளிலிருந்தே எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் கடந்த மாதம் அடகு வைத்தது உண்டா, மளிகைக் கடையில் கடன் எவ்வளவு நாளாக, சிலிண்டர் எத்தனை வாரம் வருகிறது என்று கேட்டோம். தயங்காமல் சொன்னார்கள்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா?" என்று கேட்டால் எந்தத் தாயும் ஆமாம் என்பாள். "நேற்றுக் காலை பத்து மணிக்கு எங்கே இருந்தான்?" என்று கேளுங்கள். பள்ளியின் பெயர், எந்தப் பஸ், டீச்சர் பெயர் என்று பேச்சு தானாகப் போகும், அல்லது நின்றுவிடும். நின்ற இடத்தில் வற்புறுத்தாதீர்கள், அந்த வரியில் ஒரு குறி மட்டும் போடுங்கள்.

எத்தனை வீடு வேண்டும்? பத்தில் ஒருவர் என்ற அளவிலான ஒரு விஷயத்தை 400 வீட்டில் கேட்டால், சீரற்ற தேர்வாக இருந்தால் பிழை இரு பக்கமும் மூன்று சதவீதப் புள்ளி. ஆனால் நாம் தெருத் தெருவாகத்தான் எடுப்போம், ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒருவரைப்போல ஒருவர் வாழ்வார்கள். அதனால் பிழை நாலரையைக்கூடத் தொடும். ஒரே தெருவில் 40 வீடு எடுப்பதைவிட, பத்துத் தெருவில் நான்கு வீடு எடுப்பது மேல். கால்தான் வலிக்கும்.

ஜெயலட்சுமியைச் சேர்ப்பது

நம்மிடம் இப்போது இரண்டு பட்டியல். பொதுத் தொகுப்பிலிருந்து தலைமை ஆசிரியர்கள் உதவியோடு சரிபார்த்துப் பெற்றது ஒன்று, வாசலில் கேட்டு நாமே எழுதியது ஒன்று. இரண்டிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. சந்திரசேகர் என்ற இந்தியரும் டெமிங் என்ற அமெரிக்கரும் கொல்கத்தா அருகே சிங்கூரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் வீட்டுப் பட்டியலையும் வைத்து 1949இல் வெளியிட்ட முறை. கணக்கு எளிது. பதிவேட்டில் 100 பேர், நம் பட்டியலில் 80 பேர், இரண்டிலும் இருப்பவர் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். 100ஐ 80ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 160. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் 130 பெயர்தான் இருக்கிறது, ஆக 30 பேர் யார் கண்ணிலும் படவில்லை.

அழகான கணக்கு. அந்த 50இல்தான் சிக்கல். பதிவேட்டில் "எஸ். ஜெயலட்சுமி", நம் தாளில் "ஜெயலெட்சுமி", அம்மா சொன்னது "ஜெயா". முதலெழுத்து முன்னே வரும், பின்னே வரும், திருமணமானால் மாறிவிடும். முகவரியில் பழைய எண், புதிய எண், சில சமயம் இரண்டும், சில சமயம் எது எது என்று தெரியாமல். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு 40 பேரைத்தான் பொருத்தியது என்றால், 8,000 வகுத்தல் 40, 200. எழுத்துப் பிழையால் மட்டும் 40 பிள்ளைகள் புதிதாகப் பிறந்துவிட்டார்கள்! அதனால் நாங்கள் செய்வது இது: லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் மாற்றுப் பட்டியலைக் கையால் தயாரிக்கிறோம். முதலெழுத்தைத் தனிப் பத்திக்கு நகர்த்துகிறோம். முகவரியில் கதவெண்ணை விட்டுவிட்டுத் தெருப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பிறந்த தேதியில் ஆண்டுக்கு மட்டும் மதிப்பு, மாதம் மே அல்லது ஜூன் என்றால் அதற்கு மதிப்பே இல்லை. மிஞ்சும் சந்தேகப் பொருத்தங்களை இருவர் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுத்து, பிறகு ஒத்துப்பார்க்கிறோம்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் பிழையும் ஒன்றுண்டு. ஒரு பட்டியலில் விடுபடுகிறவர் மற்றதில் விடுபடுவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று இந்தக் கணக்கு நம்புகிறது. ஆனால் பதிவேட்டுக்குச் சிக்காத பிள்ளைதான் நமக்கும் சிக்காது. பூட்டிய வீடு, வாடகை மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம், மணலிப் பக்கம் ஒப்பந்த வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்களின் குடியிருப்பு. இவர்கள் எல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே விடுபடுவார்கள், விடை உண்மையைவிடக் குறைவாக வரும். ஆகவே ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், எழுத்துப் பொருத்தத்தைத் தளர்த்தினால் இவ்வளவு, இறுக்கினால் இவ்வளவு என்று இரண்டு எல்லைகளையும் எழுதுங்கள்.

ஒன்று என்ற எண்

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போட்ட ஓர் அறிக்கையில் தெரு வாரியாக அட்டவணை. படிப்பு நின்ற காரணம் என்ற பத்தியில் ஒரு தெருவுக்கு எதிரே "திருமணம்: 1". கூட்டத்தில் நகல் கொடுத்தோம். அன்று சாயங்காலமே தெருவில் இருந்த ஒருவர் அது எந்த வீடு என்று சொல்லிவிட்டார். இரவு எட்டு மணிக்கு ஓர் அம்மா என் வீட்டு வாசலில் நின்றார். "அந்த ஒண்ணு என் பொண்ணுதானே அக்கா?" என்று மட்டும் கேட்டார். அட்டவணையில் பெயர் இல்லை, வயது இல்லை, கதவெண் இல்லை. தெருவும் காரணமும் இருந்தன, அது போதுமாயிருந்தது.

அதிலிருந்து, ஐந்துக்குக் குறைவான எந்தக் கட்டமும் எங்கள் தாளில் அச்சாவதில்லை. ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் இரண்டாவது ஒன்றையும் மறைக்கவேண்டும், அல்லது தெருக்களைச் சேர்த்துப் பெரிய பகுதியாக்கவேண்டும். பெயர்ப் பட்டியலும் விடைக் கோப்பும் ஒரே கணினியில் இருக்காது. இரண்டையும் இணைக்கும் எண் சாவி என் பீரோவில், காகிதத்தில். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது, ஆனால் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. "அந்தப் பட்டியலைக் கொடுங்கள், அவர்களுக்கு உதவி செய்கிறோம்" என்று யார் வந்து கேட்டாலும் இந்த வரியைக் காட்டுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று கண்ணெதிரே தெரிந்தால் அது வேறு விஷயம், அப்போது ஆராய்ச்சியை மடித்து வைத்துவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கை முடித்து, வியாசர்பாடியில் ஒரு சமுதாயக் கூடத்தில் சுவரில் ஒட்டினோம். பெண்கள் நெருங்கி வந்து விரலால் தெருப் பெயர்களைத் தேடினார்கள். ஒருவர் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "எங்கள் லைன் இதில் இல்லையே" என்றார். ரயில் பாதை ஓரம் பின்பக்கமாக இருக்கும் வீடுகள். கதவெண் கிடையாது. முகவரி கேட்டால் முன்தெருவின் பெயரைச் சொல்வார்கள். பதிவேட்டில் அவர்கள் முன்தெருவுக்குள் கரைந்திருந்தார்கள், எங்கள் மாதிரித் தேர்வோ கதவெண் உள்ள வீடுகளிலிருந்து எடுத்தது. "உங்கள் லைனை யாராவது எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். "பால்வாடி டீச்சர் வருஷா வருஷம் வந்து எழுதிக்கொண்டு போவார்" என்றார். அங்கன்வாடிப் பணியாளர் வைத்திருக்கும் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு, கதவெண்ணைப் பார்த்து எழுதுவதில்லை, காலால் நடந்து எழுதுவது. மூன்றாவது பட்டியல் கிடைத்தால், முதல் இரண்டும் சேர்ந்து எதை விடுகின்றன என்பதையும் கணக்கில் கொண்டுவரலாம். மறுநாள் காலை, பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்து முடிக்கும் நேரமாகப் பார்த்து, அந்த மையத்துக்குப் போனேன்.